பன்னிரண்டு நொடிச் சுடர்

அமெரிக்காவில் பழைய சோபா ஒன்றைத் தலைகீழாகப் புரட்டினால், அடித்துணியின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை தைத்திருக்கும். கலிபோர்னியா மாநிலத்தின் 'டெக்னிகல் புல்லட்டின் 117' என்ற தீப்பாதுகாப்பு விதிக்கு இந்தச் சாமான் உட்பட்டது என்று அதில் அச்சிட்டிருக்கும். கடையில் அதைப் பார்த்தவர்கள் நிம்மதியாகப் பணம் கொடுத்திருப்பார்கள். நான் பார்த்தால் முதலில் தேடுவது தயாரிப்பு வருஷத்தை.

தூசி சலிப்பது என் வேலை. மயிலாடுதுறைக்காரி, வேதியியல் படித்தவள், கல்யாணமாகி ஃப்ரீமாண்ட் வந்தேன். சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், வீட்டுத் தூசியில் என்னென்ன ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்தேன். அம்மாவுக்குப் போனில் விளக்கிச் சொன்னபோது, "கெமிஸ்ட்ரி படிச்சுட்டு அங்க போய் வீடு கூட்டுறியாடி?" என்றாள். கூட்டுவதில்லை, கூட்டிய குப்பையைச் சலிக்கிறேன் என்று சொன்னதில் அவளுக்கு எந்தச் சமாதானமும் ஏற்படவில்லை.

தூசி எங்களுக்கு அம்பர் நிறக் கண்ணாடிப் புட்டியில் வரும். பிளாஸ்டிக் டப்பாவில் வாங்க மாட்டோம்; டப்பாவிலிருந்தே ரசாயனம் கசிந்து கணக்கைக் கெடுத்துவிடும். 150 மைக்ரான் சல்லடையில் கொட்டித் தட்டினால் தலைமுடி, பிஸ்கட் துணுக்கு, கார்பெட் நூல் எல்லாம் மேலே தங்கிவிடும். கீழே இறங்கும் சாம்பல் நிற நுண்பொடிதான் எங்களுக்கு வேண்டியது. குழந்தையின் விரலில் ஒட்டுவதும் அதுதான். அதில் ஒரு சிட்டிகை எடுத்து, எடை போட்டு, கரைப்பானில் ஊறவைத்து, வடித்து, கருவிக்குள் செலுத்துவோம்.

திரையில் புரோமினை அடையாளம் காண்பது சுலபம். புரோமின் அணுவில் 79, 81 என்று இரண்டு எடை. இயற்கையில் இரண்டும் ஏறத்தாழ சரிபாதி. அதனால் புரோமின் கலந்த சேர்மம் எதுவும் ஒற்றைக் கோடாக வராது, இரண்டிரண்டு எண் தள்ளித் தள்ளிக் கூட்டமாக நிற்கும். கலிபோர்னியா வீட்டுத் தூசியில் அந்தக் கூட்டம் தவறாமல் வரும். சுருக்கமாகப் பி.பி.டி.இ. என்கிறோம், பாலிபுரோமினேட்டட் டைஃபினைல் ஈதர் என்பது முழுப்பெயர். தீ பரவாமல் இருக்க சோபா நுரையிலும் டி.வி. பெட்டியின் பிளாஸ்டிக்கிலும் சேர்த்த ரசாயனக் குடும்பம் அது.

சோபாவுக்குள் இது வந்தது ஒரு சோதனையால். 1975-இல் கலிபோர்னியா கொண்டுவந்த 117-ஆம் விதி, சோபாவுக்குள் இருக்கும் நுரையைத் தனியே எடுத்து ஒரு சிறு சுடரில் 12 நொடி பிடிக்கச் சொன்னது. அதில் நுரை தாக்குப்பிடிக்க வேண்டும். பாலியூரித்தேன் நுரை பெட்ரோலியத்திலிருந்து வருவது; சும்மா விட்டால் குபீரென்று பற்றும். தேற ஒரே சிக்கனமான வழி, தீத்தடுப்பு ரசாயனத்தைக் கலப்பது. நுரையின் எடையில் நூற்றுக்கு 3 முதல் 6 பங்கு வரை கலந்தார்கள். பெரிய சோபா ஒன்றில் அரைக் கிலோகூட இருக்கும். கலிபோர்னியாவுக்கு ஒன்று, மற்ற மாநிலங்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்வது கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் ஒரு மாநிலத்தின் விதி நாடு முழுக்கக் கூடத்தில் வந்து உட்கார்ந்தது.

பலரும் கேட்பார்கள்: உள்ளே இருப்பது எப்படி வெளியே வரும், மேலே துணி இருக்கிறதே? இந்த ரசாயனம் நுரையோடு வேதிப்பிணைப்பில் சேரவில்லை. அவலில் போட்ட சர்க்கரை போலத்தான். கலந்திருக்கும், ஒட்டியிருக்காது, தட்டைச் சாய்த்தால் தனியே உதிரும். ஒவ்வொரு முறை தொப்பென்று உட்காரும்போதும் நுரைக்குள் இருக்கும் காற்று துணி வழியே வெளியேறும். கூடவே ரசாயனம் கொஞ்சம் ஆவியாகவும், கொஞ்சம் நுரைப்பொடியோடும் வரும். கனமான மூலக்கூறு என்பதால் காற்றில் நெடுநேரம் மிதக்காது, தூசியில் படிந்துவிடும். வீட்டுக்குள் வெயில் இல்லை, மழை இல்லை, அதைச் சிதைக்கும் மண் நுண்ணுயிர்கள் இல்லை. வெளியே கிடந்தால் கொஞ்சமாவது சிதைந்திருக்கும். கூடத்துக் கார்பெட்டில் அப்படியே கிடக்கும்.

அடுத்த வழி கையிலிருந்து வாய்க்கு. பெரியவர்கள் சிப்ஸ் தின்னும்போது கொஞ்சம் உள்ளே போகும். தவழும் குழந்தைக்கு வீட்டுத் தரைதான் உலகம். ஈரக்கை தரையில் படும், அதே கை வாய்க்குப் போகும். உடம்புக்குள் போனபின் கொழுப்பில் தங்கும். சோபா நுரையில் அதிகம் இருந்த பி.டி.இ.-47 என்ற வகை மனித உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு வருஷம் ஆகும். 153 என்ற வகைக்கு ஆறு வருஷத்துக்கு மேல்.

பி.டி.இ.-47-இன் வடிவத்தைத் தாளில் வரைந்து பார்த்தால் வேதியியல் படித்தவர்களுக்குத் திக்கென்று இருக்கும். இரண்டு பென்சீன் வளையம், நடுவில் ஓர் ஆக்சிஜன், சுற்றிலும் நான்கு புரோமின். நம் கழுத்துச் சுரப்பி தயாரிக்கும் தைராக்சின் ஹார்மோனும் இரண்டு பென்சீன் வளையம், நடுவில் ஓர் ஆக்சிஜன். சுற்றிலும் நான்கு அயோடின். வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன் அவசியம். அந்த இடத்தில் ஏறக்குறைய அதே சாயலில் இன்னொன்று நுழைந்தால் என்ன ஆகும் என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் கவலை.

கவலையை முதலில் கிளப்பியது ஸ்வீடன். ஸ்டாக்ஹோமில் 1972 முதல் சேகரித்து உறையவைத்திருந்த தாய்ப்பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தார்கள். தடை செய்த டி.டி.டி.யும் பி.சி.பி.யும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தன. அதே பாலில் பி.பி.டி.இ. மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1972-க்கும் 1997-க்கும் இடையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. ஐரோப்பா விழித்துக்கொண்டது. சோபாவில் போடும் 'பென்டா' கலவைக்கு 2004-இல் தடை வந்தது. அமெரிக்காவில் தயாரித்துவந்த ஒரே கம்பெனி அதே வருஷக் கடைசியில் நிறுத்திக்கொண்டது. 2009-இல் நீடித்த மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் அது ஏறியது.

ஆனால் உலகத்தில் செய்த பென்டாவில் பெரும்பகுதி அதற்குள் வட அமெரிக்க வீடுகளுக்குள் போய்விட்டிருந்தது. 2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கலிபோர்னியா வீட்டுத் தூசியில் பி.பி.டி.இ. வட அமெரிக்காவின் மற்ற இடங்களைவிட 4 முதல் 10 மடங்கு என்றது. ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் சுமார் 200 மடங்கு. ஆய்வாளர்கள் கட்டுரைத் தலைப்பிலேயே காரணத்தைக் கேள்வியாக வைத்தார்கள்: சோபாத் தீவிதியின் எதிர்பாராத விளைவா இது?

அதற்கு முந்தின வருஷமே பூனைகள் சொல்லிவிட்டிருந்தன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விஞ்ஞானிகள் வீட்டுப் பூனைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மனிதர்களின் நடுத்தர அளவைவிட 20 முதல் 100 மடங்கு இருந்தது. பூனை நாள் முழுக்கச் சோபாவில் புரளும், பிறகு உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும். ஒட்டிய தூசி அத்தனையும் வயிற்றுக்குள். எழுபதுகளின் கடைசிவரை மருத்துவ நூல்களில் இல்லாத தைராய்டு மிகைச் சுரப்பு, வயதான பூனைகளிடம் அதன்பிறகு சாதாரண நோயாகிவிட்டிருந்ததுதான் அவர்களை அந்தப் பக்கம் திருப்பியது.

என்னை மிகவும் யோசிக்கவைத்த ஆய்வு சலினாஸ் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே காரில் ஒன்றரை மணி நேரம். கீரையும் ஸ்ட்ராபெரியும் விளையும் பூமி. மெக்சிகோவிலிருந்து வந்து வயல்வேலை செய்யும் தாய்மார்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பெர்க்லி பல்கலைக்கழகம் பல வருஷமாகத் தொடர்ந்து கவனித்துவருகிறது. அங்கே வளர்ந்த ஏழு வயதுப் பிள்ளைகளின் ரத்தத்தில், தாய் கருவுற்றிருந்தபோது தாயிடம் இருந்ததைப்போல் மூன்று மடங்கு பி.பி.டி.இ. அதே தாய்மாரின் சொந்த மாநிலங்களில், மெக்சிகோவிலேயே வளரும் பிள்ளைகளைவிட ஏழு மடங்கு. கருவில் அதிகம் பட்ட பிள்ளைகளிடம் கவனக்குறைவு, விரல்களின் நுண்ணசைவில் தடுமாற்றம், அறிவுத்திறன் தேர்வில் குறைவு ஆகியவற்றோடு தொடர்பு இருப்பதாக 2013-இல் எழுதினார்கள். தொடர்புதான், இது ஒன்றே காரணம் என்று அவர்களும் சொல்லவில்லை. ஆனால் தாய்மார் ஊரிலிருந்து கொண்டுவந்தது இல்லை இந்த ரசாயனம். பிழைக்க வந்த ஊரின் பழைய சோபாவும் பழைய கார்பெட்டும் கொடுத்தது.

வந்தேறிகள் வீட்டில் சோபா எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் எங்கள் பக்கத் தெருக்களில் வீடு காலிசெய்பவர்கள் நடைபாதையோரம் சாமான்களை வைத்து, 'இலவசம்' என்று அட்டை சாத்திவிட்டுப் போவார்கள். புதிதாக ஊருக்கு வந்த நம் பிள்ளைகள் முதலில் வீட்டை நிரப்புவது அப்படித்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் இளம் தம்பதி, அப்படி ஒரு சோபாவைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"அக்கா, நல்லாத்தானே இருக்கு? சும்மா கெடைக்கி. எடுத்துக்கிடலாமா?" என்றாள் அந்தப் பெண்.

புரட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பட்டை இருந்தது. தயாரிப்பு 2003. மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்தால் நுரை மஞ்சளாகி, விரல் பட்ட இடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"குட்டி தவழ ஆரம்பிச்சுட்டாளா?"

"போன வாரம்தான்க்கா."

"அப்போ வேண்டாம்மா."

மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். அவள் கணவன்தான் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாம எடுக்கலேன்னா வேற யாராவது எடுத்துட்டுப் போவாங்களே, அக்கா?" என்று கேட்டான். சரியான கேள்வி. வசதியுள்ளவர் பழையதை வெளியே வைத்துவிட்டுப் புதியது வாங்குவார். ரசாயனம் வீடு மாறும், அவ்வளவுதான். இறங்கிப் போகும் ஒவ்வொரு வீடும் முந்தின வீட்டைவிடக் கொஞ்சம் ஏழை வீடாகவே இருக்கும்.

சரி, பென்டாவை நிறுத்தியபின் சோபாக்காரர்கள் என்ன செய்தார்கள்? 12 நொடிச் சுடர் விதி அப்படியே இருந்ததே. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெதர் ஸ்டேபிள்டன் நாடெங்கிலும் இருந்து 102 சோபாக்களின் நுரைத்துண்டுகளை வாங்கிச் சோதித்து 2012-இல் விடை சொன்னார். நூற்றுக்கு 85-இல் ஏதாவது ஒரு தீத்தடுப்பு ரசாயனம் இருந்தது. 2005-க்குப் பின் வாங்கியவற்றில் பென்டாவின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்திருந்தது 'குளோரினேட்டட் டிரிஸ்'.

டிரிஸ் என்ற பெயர் அமெரிக்காவுக்குப் பழசு. எழுபதுகளில் குழந்தைகளின் இரவு உடையில் புரோமின் டிரிஸ் போட்டார்கள். அர்லீன் புளூம் என்ற வேதியியலாளர், புரூஸ் ஏம்ஸுடன் சேர்ந்து 1977-இல் 'சயன்ஸ்' இதழில் இது மரபணுவைத் திரிக்கும் பொருள் என்று எழுதினார். மூன்றே மாதத்தில் அந்த உடைகளுக்குத் தடை வந்தது. அந்த இடத்துக்கு வந்த குளோரின் டிரிஸும் கெட்டபெயர் வாங்கி இரவு உடையிலிருந்து விலகியது. புளூம் மறுவருஷம் அன்னபூர்ணா சிகரத்துக்குப் பெண்கள் மட்டுமே கொண்ட மலையேற்றக் குழுவைத் தலைமையேற்று நடத்தினார். பிறகு நெடுங்காலம் வேதியியல் பக்கம் வரவில்லை. திரும்பிவந்து பார்த்தபோது, குழந்தையின் சட்டையிலிருந்து தான் விரட்டிய அதே ரசாயனம் சோபாவில் உட்கார்ந்திருந்தது. அவருடைய பூனைக்கும் தைராய்டு நோய்.

தடைசெய்த ரசாயனத்துக்குப் பதில் அதன் பங்காளியைக் கொண்டுவருவது இந்தத் தொழிலில் வழக்கம். ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்து, கெடுதல் என்று நிரூபித்து, தடை வாங்குவதற்குள் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். அதனால் புளூமும் அவரோடு சேர்ந்தவர்களும் ரசாயனத்தை விட்டுவிட்டு விதியைப் பிடித்தார்கள். சோபா எதனால் பற்றுகிறது? பெரும்பாலும் அணையாத சிகரெட் துணியில் விழுந்து புகைவதால். முதலில் தீயைச் சந்திப்பது மேல்துணி. துணி பற்றி எரியத் தொடங்கிய பிறகு உள்ளே இருக்கும் நுரையைக் காக்க 12 நொடிச் சோதனைக்குப் பயன்படும் ரசாயனம் உதவுவதில்லை. அப்படியானால் நுரையை எதற்குச் சுடரில் பிடிக்க வேண்டும்?

2012-இல் 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகை இந்த விதியின் பின்னால் இருந்தவர்களைத் தொடர் கட்டுரையாக எழுதியது. தானே அணையும் சிகரெட் செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்த புகையிலைக் கம்பெனிகள் பழியைச் சோபாவின் மேல் திருப்பிவிட்டதையும், ரசாயனக் கம்பெனிகளின் பணத்தில் ஓடிய ஒரு 'பொதுமக்கள் அமைப்பு' சட்டமன்றக் குழுக்களின் முன் சாட்சி சொல்ல ஆள் அனுப்பியதையும் அது வெளிப்படுத்தியது. தீயில் கருகிய ஒரு கைக்குழந்தையைப் பற்றி உருக்கமாகச் சாட்சி சொன்னார் ஒரு தீக்காய மருத்துவர். அவர் சொன்னபடி ஒரு குழந்தையே இல்லை என்று பத்திரிகை கண்டுபிடித்தது.

அதே வருஷம் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் விதியைத் திருத்தச் சொன்னார். புதிய விதியில் சுடர் இல்லை. மேல்துணியின் மேல் எரியும் சிகரெட்டை வைத்து, புகைச்சல் பரவுகிறதா என்று பார்த்தால் போதும். துணியைச் சரியாகத் தேர்ந்தால், இடையே ஒரு தடுப்புத் துணி கொடுத்தால், ரசாயனமே இல்லாமல் தேறலாம். 2015 முதல் இது கட்டாயம். தீத்தடுப்பு ரசாயனம் இருக்கிறதா இல்லையா என்று பட்டையில் ஆம், இல்லை போட வேண்டும் என்ற சட்டமும் உடன் வந்தது. 2020-இலிருந்து சோபா, குழந்தைச் சாமான், மெத்தை நுரை ஆகியவற்றில் அந்த ரசாயனங்களைச் சேர்ப்பதற்கே கலிபோர்னியாவில் தடை. 2021-இல் புகைச்சல் சோதனை நாடு முழுமைக்குமான விதியானது.

பென்டாவை நிறுத்தியதன் பலன் அதற்கு முன்பே ரத்தத்தில் தெரிந்திருந்தது. சான்பிரான்சிஸ்கோவில் பிரசவத்துக்கு வந்த பெண்களிடம் 2008-09-இல் இருந்த பி.பி.டி.இ. அளவு, 2011-12-இல் வந்தவர்களிடம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டிருந்தது. பென்டா தடைக்குப் பிறகு சில வருஷத்திலேயே கிடைத்த பலன் அது. பழைய சோபாவையோ அதன் நுரையை மட்டுமோ மாற்றிய வீடுகளில் தூசியிலும் அளவு இறங்குவதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

அந்தத் திருநெல்வேலித் தம்பதிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 2015-க்கு முந்தின நுரைச் சாமானை இலவசமாகக் கிடைத்தாலும் கைக்குழந்தை வீட்டுக்கு எடுக்காதீர்கள். நுரை உதிரும் மெத்தை, கார் இருக்கை, பழைய கார்பெட் அடிநுரை எதுவானாலும் வெளியேற்றுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தூசியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கார்பெட் இருந்தால் நுண்பொடியையும் பிடிக்கும் வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனர் நல்லது. சாப்பிடுமுன் குழந்தையின் கையை வெறும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கை கழுவுவதாலும் வீட்டைத் துடைப்பதாலும் கையில் ஒட்டும் அளவு ஒரு வாரத்திலேயே கணிசமாகக் குறைகிறது என்று நியூயார்க்கில் தாய்மார்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. 'கறை ஒட்டாது' என்று கூடுதல் விலைக்கு விற்கும் உறை வேண்டாம். அதில் இருப்பது இன்னொரு சிதையாத ரசாயனக் குடும்பம். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தாதீர்கள். அதில் இந்த ரசாயனம் இருந்தாலும் அதன் நன்மை மிகப் பெரியது.

அம்மா ஆறு மாதம் தங்க வந்தபோது எங்கள் கூடத்துக் கார்பெட்டைப் பார்த்து, "இதை எப்படித் துடைப்பே?" என்றாள். துடைக்க முடியாது என்றதும் முகத்தைச் சுளித்தாள். மொசைக் தரை, தினமும் ஈரத்துணி, இலவம்பஞ்சு மெத்தை என்று வாழ்ந்த வீட்டில் தூசிக்குத் தங்க இடமில்லை; அந்த வீட்டுப் பழக்கத்தில் பாதியை இன்று ஆய்வாளர்கள் ஆலோசனையாகச் சொல்கிறார்கள். ஆனால் மயிலாடுதுறை வீட்டிலும் இப்போது நுரை சோபா, நுரை மெத்தை, பெரிய டி.வி. மின்சாதனங்களில் பி.பி.டி.இ.க்கு இந்தியா 2012-இலிருந்து உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2018-இல் வந்த நீடித்த மாசுகள் விதிகளில் பென்டாவின் கூறுகளும் தடையாயின. காகிதத்தில் இருப்பதைக் கடையில் சோதிப்பவர் வேண்டும். பழைய டி.வி.யை உடைத்துப் பிரிக்கும் சிறு பட்டறைகளில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள், நாங்கள் சல்லடையில் பார்க்கும் தூசியைவிடப் பலமடங்கு செறிந்ததைத் தினமும் சுவாசிக்கிறார்கள்.

ஈரத்துணி என் வீட்டைக் காக்கும். தெருவோரச் சோபா போய்ச் சேரும் வீட்டை அது காக்காது. இரண்டையும் சேர்த்து மாற்றியது, நுரையைச் சுடரில் பிடிக்க வேண்டாம், துணியைப் புகையவிட்டுப் பார் என்று திருத்திய விதிதான். நம் ஊரிலும் சோபாவுக்கோ மெத்தைக்கோ, ரயில் இருக்கைக்கோ தீப்பாதுகாப்புத் தரம் எழுத உட்காரும்போது மேஜையைச் சுற்றித் தீயணைப்பு அதிகாரியும் கம்பெனிப் பிரதிநிதியும் இருப்பார்கள். குழந்தை மருத்துவர் ஒருவரும், தூசியை அளந்து பார்த்தவர் ஒருவரும் அங்கே இருக்க வேண்டும். எதைக் கொளுத்திப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை நொடி, அதில் தேற எதைக் கலக்கப் போகிறார்கள் என்று அவர்கள் அப்போதே கேட்கட்டும்.